நீரழுத்த யந்திரமும் மழைக்கால ஈரமும்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியிலிருந்து கப்பலேறிய தென்னைநார்க் கயிறு, இடம் குறையும் பொருட்டு, நீரழுத்த யந்திரத்தால் நெருக்கிச் சிப்பங்களாகக் கட்டப்பட்டது. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா இதற்குக் காப்புரிமை பெற்றார். வீட்டில் விறகு பிளக்கும் சிறு யந்திரமும் இதே தத்துவத்தால் இயங்குவது. அடைபட்ட திரவத்தில் 1 சதுர செ.மீ. பரப்பின்மேல் 10 கிலோ எடைக்கொத்த விசையைச் செலுத்தினால், 100 சதுர செ.மீ. பரப்பின்மேல் 1,000 கிலோ எடைக்கொத்த விசை தோன்றும்.

அன்று நீர் செய்த பணியை இன்று எண்ணெய் செய்கிறது. உந்துதண்டு நீளுங்கால் தொட்டியில் எண்ணெய் தாழ, வெளிக்காற்று உட்புகும். கொச்சியின் மழைக்காலக் காற்றில் ஈரம் மிகுதி. தொட்டி குளிர்ந்ததும் அது நீர்த்துளியாகி எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் பால்போல் வெளுத்தல் இதன் அறிகுறி. அவ்வெண்ணெய் பம்பைத் துருவேற்றித் தேய்க்குமாதலின், அதனை முற்றும் வடித்து, வடிகட்டியையும் மாற்றிப் புதிய எண்ணெய் நிரப்புதல் வேண்டும்.

குழாயின் கசிவைக் கையால் தடவிப் பார்த்தலாகாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாயினும் உடனே மருத்துவமனை செல்லாவிடில் விரலையே இழக்க நேரிடலாம். யந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை முற்றும் தணித்த பின்னரே இணைப்பைத் தொடுதல் வேண்டும்.