கர்ர் சத்தத்துக்கெல்லாம் புது செல்ஃப் மோட்டாரா?

சாவியைத் திருப்பியதும் இரும்பை இரும்பு கடிப்பதுபோல் 'கர்ர்' என்கிறது கார். பட்டறையில் பதில் தயாராக இருக்கும்: "செல்ஃப் போயிருச்சு சார், மாத்திடலாம்." தலையாட்ட அவசரம் வேண்டாம்.

ஒரே ஒரு 'டக்', அப்புறம் ஒன்றுமில்லை என்றால் பேட்டரி, டெர்மினல், சொலினாய்டு பக்கம் பார்க்க வேண்டும். மோட்டார் 'விர்ர்' என்று சுற்றியும் எஞ்சின் அசையாவிட்டால், மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் பெண்டிக்ஸ் வழுக்கலாம். 'கர்ர்' சத்தத்துக்குக் காரணம், மோட்டார் முனையிலுள்ள பினியன் ஃப்ளைவீலின் ரிங் கியரோடு ஒழுங்காகப் பல் சேராதது. மவுண்டிங் போல்ட் தளர்ந்திருக்கலாம். முன்பு கழற்றி மாட்டியபோது மோட்டார் உட்காரும் முகத்தைத் துரு போகத் துடைக்காமல் விட்டிருக்கலாம். பல் எண்ணிக்கை மாறிய டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம். பழைய ஷெவர்லே வி8 எஞ்சின்களில் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்வது வழக்கமான வேலை. ஷிம்மே இல்லாமல் வந்த காரில் தகடு திணிப்பது ஒப்பேற்றல்தான்.

பலர் பார்க்காமல் விடுவது ரிங் கியரை. நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஃப்ளைவீல் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அந்தப் பற்களே தினமும் அடிவாங்கித் தேயும். அதனால்தான் சத்தம் ஒருநாள் வரும், மறுநாள் வராது. சத்தம் வந்தால் இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியைச் சற்றுத் தள்ளுங்கள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். சுத்தமாக எடுத்தால் சந்தேகம் ரிங் கியர் மேல். தேய்ந்த பல் புதுப் பினியனையும் தின்றுவிடும். ரிங் கியர் மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும், கூலியும் அதிகம். மோட்டாரோடு கதையை முடிக்கச் சிலர் விரும்புவது அதனால்தான்.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுக்கச் சொல்லுங்கள். மோட்டாருக்கு வரும் தடித்த ஒயரில் பல கார்களில் ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பாடியில் உரசினால் தீப்பொறிதான். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

மோட்டாரை இறக்கியதும், அந்தத் துளையில் டார்ச் அடித்து ஃப்ளைவீலை ஒரு முழுச் சுற்று சுற்றிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள்; எக்ஸ்சேஞ்சில் போனால் அந்தத் தொகை பில்லில் கழிந்திருக்க வேண்டும். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

மாட்டிய பிறகும் சத்தம் திரும்பினால் பட்டறைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வேறு மெக்கானிக்கிடம் போனால், அவர் கைவைக்கும் முன்பே அவர் கருத்தை எழுதி வாங்கிவிடுங்கள். கழற்றியபின் சாட்சி போய்விடும். பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வெளியூரில் ரிப்பேர் செய்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.