கணினி வாங்குமுன் ஒரு கணக்கு

பிள்ளைகளின் விளையாட்டுக் கணினிக்கு எந்தப் பிராசஸர் வாங்கலாம் என்று குதைபியா நண்பர்கள் கேட்கிறார்கள். கணக்கர் என்ற முறையில் சொல்கிறேன்.

2022இல் வந்த இன்டெல் ஐ5-12400எஃப், ஏஎம்டி ரைசன் 5 5600 இரண்டும் 6 கோர், 65 வாட். கம்பெனிப் பெட்டியோடு வாங்கினால் கூலர் உள்ளேயே இருக்கும். பெட்டியில்லாத 'டிரே' ரகம் மலிவுதான்; கூலர் தனிச் செலவு.

கூலர் வீசுவது அறைக் காற்றையே. ஏ.சி. நின்று அறை 10 டிகிரி சூடேறினால் பிராசஸரும் ஏறத்தாழ அவ்வளவு சூடேறும். எல்லை தாண்டினால் வேகம் குறையும். ஆகவே காற்றோட்டமான கேபினட் வாங்குங்கள். மாதமொருமுறை கணினியை அணைத்துத் தூசி தட்டுங்கள்.

இவ்விரண்டிலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இல்லை. மிச்சப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்குங்கள்.