கண்ணில் விழும் காலடிச் சத்தம்

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய கிடங்கு வீடுகள் பலவற்றில் மாடித் தளம் மரப்பலகைதான். யூதத் தெருப் பக்கம் அப்படியொரு கடைக்குள் நின்று மேலே பாருங்கள். மாடியில் யாராவது நடந்தால், ஒவ்வோர் அடிக்கும் பலகை மயிரிழை அளவு வளைந்து நிமிரும். அந்த அசைவு உத்தரத்துக்குப் போய், கொக்கிக்கு இறங்கி, தொங்கும் பல்பை லேசாக ஆட்டும். காதைப் பொத்திக்கொண்டாலும் மேலே ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

இந்தச் சின்ன இயற்பியலை நம்பி ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஒரு காட்சியையே எடுத்தார். பிரிட்டனில் 1927-இல் வெளியான 'தி லாட்ஜர்' பேசாப் படம். லண்டனில் தொடர் கொலைகள். மாடிக்குக் குடிவந்த புதியவன்மேல் வீட்டாருக்குச் சந்தேகம். அவன் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். கீழே விளக்கு ஆடுகிறது, எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். சட்டென்று கூரை கரைந்து, நடக்கும் பாதங்கள் அடியிலிருந்து தெரிகின்றன!

ஓர் அங்குலத் தடிமனுள்ள கண்ணாடியில் தளம் அமைத்து, குடிவந்தவனாக நடித்த ஐவர் நொவெல்லோவை அதன்மேல் நடக்கவிட்டுக் கீழிருந்து படம்பிடித்தார்கள். சத்தமே இல்லை, ஆனாலும் பார்ப்பவருக்குக் காலடி கேட்பதுபோல் இருக்கிறது. இது வெறும் பிரமை அல்ல. ஒலியின்றி உதடசைவை மட்டும் பார்த்தால்கூட மூளையின் செவிப்பகுதி கிளர்ச்சி அடைகிறது என்று 1997-இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது. ஹிட்ச்காக்குக்கு அந்த ஸ்கேன் தேவைப்படவில்லை. 1924-இல் ஜெர்மனியில் இயக்குநர் மூர்னாவ் படமெடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, வசனத்தைத் திரையில் காட்டும் எழுத்தட்டையைக் குறைத்துக் காட்சியாலேயே கதை சொல்லும் வித்தையை அவர் கற்றிருந்தார். விநியோகஸ்தருக்கோ 'தி லாட்ஜர்' பிடிக்கவில்லை, கிடப்பில் போட்டார். படத்தைச் செப்பனிட ஐவர் மாண்டேகு வந்து எழுத்தட்டைகளைச் சுமார் 80 ஆகக் குறைத்த பிறகுதான் அது திரைக்கு வந்தது.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வின் தாக்கத்தில் பாலு மகேந்திரா 'மூடுபனி' (1980) எடுத்தது பலருக்கும் தெரியும். ஆனால் அவருடைய உண்மையான சொத்து பேசாப் படக் காலத்திலேயே சேர்ந்துவிட்டது என்பது என் எண்ணம். 1929-இல் 'பிளாக்மெயில்' படத்தைப் பேசாப் படமாகத் தொடங்கி, பாதியில் பேசும் படமாக மாற்றினார். அதில், தற்காப்புக்காகக் கத்தியால் ஒருவனைக் கொன்ற பெண், மறுநாள் காலை உணவுக்கு உட்கார்ந்திருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண் கொலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். மற்ற சொற்களெல்லாம் மங்கி முணுமுணுப்பாகிவிட, 'கத்தி' என்ற ஒன்று மட்டும் தெளிவாக வந்து அவள் காதில் பாய்கிறது. சத்தத்தைக் கண்ணுக்குக் காட்டப் பழகியவருக்கு, சத்தம் கைக்கு வந்ததும் எதை அழிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.