வார்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு ஏன்?



பழைய வார்டுக்கு நல்ல பெயிண்ட் அடிக்காமல் இன்னும் சுண்ணாம்பே அடிப்பது ஏன் என்று பங்காளர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். சிக்கனம் மட்டும் காரணமல்ல.

சுண்ணாம்புச் சாந்து முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். மழைக்கால இரவில் ஜன்னலை அடைத்து நோயாளிகளும் துணைக்கு இருப்பவர்களும் படுத்திருக்கையில், மூச்சிலிருந்து வரும் ஈரத்தைச் சுவர் வாங்கிக்கொள்ளும். காலையில் வெயிலும் காற்றும் வந்ததும் விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினால் துளைகள் அடைபடும். பழஞ்சுவருக்குள் சிக்கிய ஈரம் பெயிண்டைக் கொப்புளமாக எழுப்பும், பூஞ்சணம் பிடிக்கும். கட்டடத்துக்குள் ஈரமும் பூஞ்சணமும் இருந்தால் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் எச்சரித்தது.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்திலும் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் கறை கண்ட வீட்டை ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைக்கிறான்; பரவியிருந்தால் கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதுச் சாந்து பூசச் சொல்கிறான். (இந்த அதிகாரத்தில் பிரசங்கம் செய்கிறவர்கள் சாந்தை மறந்துவிடுவதுண்டு.)

கிருமி விஷயம் வேறு. புதிதாக நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். 12-க்கும் மேல், பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதில் பிழைப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேரச் சேர அந்தக் காரம் குறைந்துவிடும். ஆகவேதான் வருஷந்தோறும் வெள்ளையடிக்கிறோம். ஆபரேஷன் தியேட்டருக்கு இது உதவாது. அங்கே கழுவித் துடைக்கக்கூடிய வழவழப்பான சுவரே வேண்டும். காசநோய் வார்டிலோ, திறந்த ஜன்னலுக்கு எந்தச் சாந்தும் ஈடாகாது.

இவ்வருஷம் மழைக்கு முன்பே பழைய வார்டைச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும். அதற்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள் மணியார்டரில் ‘சுண்ணாம்பு’ என்று எழுத வேண்டாம். பழைய முறைத் தபால் மணியார்டர் நின்றுவிட்டது. காசோலையின் பின்புறம் எழுதினால் போதும்.