அதிசயக் காணொளிகள்: மெய்யும் பொய்யும்

ஓட்டுநர் இன்றித் தானே ஓடும் மோட்டார் வண்டி, மனிதனைப் போல் நடந்து வீட்டு வேலை செய்யும் இயந்திரம், நீரையே எரிபொருளாகக் கொள்ளும் எந்திரம் ஆகிய புதுமைகளைக் காட்டும் காணொளிகள் இன்று பதுளை நகரிற் போலவே பசறை, ஹாலிஎலை, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்களின் லயங்களுக்கும் கைத்தொலைபேசி வாயிலாக வந்து சேர்கின்றன. அவற்றுட் சில மெய். சில பாதி மெய். சில முழுப் பொய். கண்டு வியந்து மறந்துவிடுவதோடு முடியுமாயின் இதனை ஆராய வேண்டியதில்லை. ஆனால், இக்காட்சிகள் சிலவற்றின் பின்னே, “பணம் இடுக, பங்கு பெறுக” என்று நீளும் கையொன்றும் உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகள் மலையேறி இறங்கிய தாயோ தந்தையோ ஓய்வு பெறுங்கால் கைக்கு வரும் ஊழியர் சேமலாப நிதியே பல குடும்பங்களுக்கு ஒரே முதல். அம்முதலை எதில் இடலாம் என்று வீட்டார் கேட்பது கல்லூரியிற் படித்த பிள்ளையைத்தான். அப்பிள்ளை என்ன விடை கூறுவான் என்பதே இக்கட்டுரையின் கவலை.

காணொளிகள் இவ்வாறு பரவுவதற்கு முன்பே தமிழகம் இத்தகைய காட்சியொன்றைக் கண்டது. 1996ஆம் ஆண்டில், இராசபாளையத்தை அடுத்த இடையன்குளம் என்னும் ஊரைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பார், மூலிகை இலையை நீரிலிட்டுக் காய்ச்சிப் பெற்றோல் போன்ற எரிபொருளை ஆக்க வல்லேன் என்றார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பின்னர்ப் புது டில்லியிலும் கற்றறிந்த விஞ்ஞானிகள் முன்னிலையிற் செய்தும் காட்டினார். பாத்திரத்தில் எரிபொருள் மிதந்தது, தீயிட எரிந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. மந்திரம் பாத்திரத்தில் இல்லை, கலக்கும் கோலில் இருந்தது என்பது பின்னரே தெரியவந்தது. உள்ளே துளையுடைய அக்கோலில் எரிபொருளை நிரப்பி நுனியை மெழுகால் அடைத்துவிட்டால், சூட்டில் மெழுகு உருக, எரிபொருள் தானே வெளிவரும். மூலிகை எரிபொருள் என்று சந்தையில் விற்கப்பட்டது வெறும் பெற்றோலிய இரசாயனக் கலவையே எனக் கூறி மத்திய புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரிற் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் விதித்தது.

விஞ்ஞானிகள் கண்கொட்டாமற் பார்த்தும் முதலில் ஏமாந்தமைக்குக் காரணம் என்னை? செய்து காட்டுபவர் எதனைப் பார்க்கச் சொன்னாரோ அதனையே பார்த்தனர். கண்ணை விடுத்துத் தராசை நம்பியிருந்தால் கோலைத் தேட வேண்டிய அவசியமே நேர்ந்திராது. பெற்றோலின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பங்கு காபன். நீரிற் காபன் அறவே இல்லை. ஆகவே அது முழுவதும் இலையிலிருந்தே வரவேண்டும். நம்மூர்த் தொழிற்சாலைக் கணக்கை நினைவு கூர்க: ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி உலர்ந்தால் ஒரு கிலோ தேயிலை. அவ்வுலர்ந்த பொருளிலும் பாதிக்குச் சற்றுக் குறைவே காபன். எனவே அரை லீற்றர் பெற்றோலுக்கு வேண்டிய காபனைப் பெற, ஒன்றும் வீணாகாது என்று கொண்டாலும், மூன்று கிலோப் பச்சிலையேனும் வேண்டும். ஒரு கைப்பிடி இலையைக் காட்டுவோர் எங்கிருந்து பெறுவர்? இக்கணக்கைச் சாதாரண தர மாணவன் ஒருவன் பரீட்சைத்தாளின் ஓரத்திற் போட்டுவிடலாம்.

அடுத்து வருவது மலைநாட்டார் நன்கு சுவைக்கத்தக்க கதை. அமெரிக்க நிறுவனமாகிய நிக்கோலா, தன் புதுவகை லொறி பெருந்தெருவில் விரைந்தோடுவதாக ஒரு காணொளியை 2018 ஜனவரியில் வெளியிட்டது. லொறி ஓடியது உண்மை. ஆனால் அது தன் ஆற்றலால் ஓடவில்லை. யூட்டா மாநிலத்தில் மென்சரிவான நெடும்பாதையொன்றின் உச்சிக்கு இழுத்துச் செல்லப்பட்டு அங்கிருந்து உருள விடப்பட்டது. இவ்வுண்மை 2020 செப்டெம்பரில் வெளிப்பட்டபோது, அக்காணொளியில் லொறி தன் விசையால் ஓடுகின்றது என்று தாம் ஒருபோதும் கூறவில்லை என நிறுவனம் விளக்கம் அளித்தது! நிறுவனத்தைத் தோற்றுவித்த திரெவர் மில்டன் முதலீட்டாளரை ஏமாற்றியதாக 2022இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, அடுத்த ஆண்டு நாலாண்டுச் சிறை விதிக்கப் பெற்றார். 2025இல் அந்நாட்டு ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு அளித்தார். நிறுவனமோ அதே ஆண்டில் வங்குரோத்து மனுச் செய்தது. பங்கு வாங்கிய எளியோரின் பணத்தை எந்த மன்னிப்பும் மீட்டுத் தரவில்லை.

ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாக வெல்லவாய நோக்கி இறங்கும் லொறிச் சாரதி எவரும், எஞ்சினின் உதவியின்றி வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அமெரிக்க முதலீட்டாளர்க்குக் கற்பித்திருக்கலாம். எனினும் படத்திற் சரிவைக் கண்டுகொள்வது எளிதன்று. தொடுவானம் தெரியாத இடத்திற் கண் தன்னைச் சூழ்ந்துள்ளவற்றையே சமதளத்துக்கு அளவாகக் கொள்ளும். கமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் இறக்கமும் சமதளமாகும். தோட்டத்துக் கான் எப்பக்கம் சரிகின்றது என்பதை நாமே கண்ணாற் சொல்ல முடியாது திகைத்துப் பின் மழைநீர் ஓடுவதைக் கண்டு தெளிவதில்லையா? படத்திலும் தேங்கிய நீர், தொங்கும் கயிறு, கட்டடத்தின் சுவர் போன்றவற்றைத் தேடுதல் வேண்டும். அவை ஒன்றும் படத்தில் அகப்படவில்லையாயின் அதுவும் ஒரு செய்தியே.

இவ்வளவு அப்பட்டமாக இல்லாது, நடந்ததையே தொகுத்துத் தைத்துப் பெரிதாக்குவது மற்றொரு வகை. டெஸ்லா நிறுவனம் 2016இல் வெளியிட்ட காணொளி, கார் தானாகவே ஓடுவதாகக் கூறியது. சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று அந்நிறுவனத்திற் பணியாற்றிய அசோக் எல்லுசாமி பின்னர் வழக்கொன்றிற் சாட்சியம் அளித்தபோது, பாதை முன்கூட்டியே படமாக வரையப்பட்டிருந்தது என்றும், ஒத்திகைகளில் ஓட்டுநர் குறுக்கிட நேர்ந்தது என்றும், தானே நிறுத்த முயன்ற கார் ஒரு வேலியில் மோதியது என்றும் உரைத்தார். நம்மவர் ஒருவர் சத்தியம் செய்து உண்மை கூறியது நமக்கு மகிழ்ச்சியே. 2023 டிசம்பரிற் கூகுள் வெளியிட்ட ஜெமினிக் காணொளியும் இத்தகையதே. பேச்சுக்கு உடனுக்குடன் விடை தருவதாகத் தோன்றிய அது, நிலைப்படங்களையும் எழுத்து வினாக்களையும் கொண்டு ஆக்கப்பட்டது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகவே வெட்டின்றி ஒரே ஓட்டமாக எடுக்கப்பட்டதா, எத்தனை முறை முயன்றபின் இம்முறை வாய்த்தது, மறைவில் நின்று இயக்கியோர் உளரோ என்னும் மூன்று வினாக்களையும் காட்டுவோரிடம் கேட்டல் தகும்.

எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளுவதும் அறிவன்று. 2024 அக்டோபர் 13ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், விண்ணிலிருந்து திரும்பிய மாபெரும் உந்துகணையைக் கோபுரமொன்று இரு கைகளால் ஏந்திப் பிடித்தது. சினிமாத் தந்திரம் என்று எண்ணத்தக்க அக்காட்சி முற்றும் மெய். வேறு வேறு இடங்களில் நின்ற, ஒருவரையொருவர் அறியாத பலர் அதனைத் தத்தம் கமராவிற் பதிந்திருந்தமையே அதற்குச் சான்று. 2025 நவம்பரிற் சீனாவின் எக்ஸ்பெங் நிறுவனம் காட்டிய இயந்திரப் பெண்ணின் நடையைக் கண்டு, உள்ளே மனிதர் ஒளிந்திருப்பதாகப் பலர் கூறவே, மேடையிலேயே அதன் காலின் மேலுறையைக் கத்தரித்து உள்ளுறுப்பைக் காட்ட நேர்ந்தது.

செயற்கை நுண்ணறிவாற் படமே இன்றிப் படம் படைக்கும் இந்நாளில், விரல்களை எண்ணிப் பொய்யைக் கண்டுபிடிக்கும் பழைய உபாயம் பயன்படாது. அக்குறைகள் ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வருகின்றன. படத்தின் உள்ளே தேடுவதைக் காட்டிலும் அதன் வரலாற்றைத் தேடுவதே நன்று: முதன்முதல் வெளியிட்டவர் யார், எந்நாள், எவ்விடம், அப்பொருளை வேறொருவர் தம் கையாற் சோதித்தனரா? ஆளைச் சேர்த்தால் பணம் பெருகும் என்ற பேச்சும் உடன் வருமாயின் படத்தை ஆராயவே வேண்டியதில்லை. அத்தகைய பிரமிட் திட்டங்கள் இலங்கையின் வங்கிச் சட்டத்தின்படி குற்றமாகும்.

இனி நம்மை நேரே தொடும் ஒன்று. கொழுந்து கொய்யும் இயந்திர மனிதனை ஆக்கும் ஆராய்ச்சி சீனாவில் நடைபெறுவது மெய். அத்தகைய காணொளியைக் காணும் நம் தாய்மார், இனித் தமக்கு வேலை இராதோ என்று அஞ்சுவதும் இயல்பே. அதனை ஆராயும் மாணவன் அஞ்சவும் வேண்டாம், நகைக்கவும் வேண்டாம். இயந்திரம் நிற்பது சமநிலத்திலா, நமுனுகுலைச் சரிவிலா? இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் வருகின்றனவா, முற்றிய இலையும் கலந்து வருகின்றதா? ஊவாவின் ஆடி ஆவணிக் காற்றிற் செடி அசையும்போது அதன் கை குறி தவறாதா? அரை நிமிடப் படத்துக்குப் பதிலாக ஒரு முழு நாள் வேலையைக் காட்டி, மாலையில் அதன் கொழுந்தைத் தராசிலிட்டனரா? நிறை குறைந்தால் நம் பெண்களுக்கு அரைப்பேர் எழுதும் தோட்டம், இயந்திரத்துக்கு என்ன பேர் எழுதியது என்பதையும் அவன் கேட்கலாம்.