யார் பெரிய ஆட்டக்காரர்?

அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், தாங்கள் பார்த்ததிலேயே பெரிய ஆட்டக்காரர் யார் என்ற வாக்குவாதம் வராமல் போகாது. இளையவர்கள் டாம் பிரேடி என்பார்கள். 2000-ஆம் ஆண்டு வீரர் தேர்வில் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், 7 சூப்பர் பவுல் வென்றார். அவர் விடைபெற்றபோது எந்த அணியிடமும் ஆறுக்கு மேல் இல்லை! நடுவயதுக்காரர்களுக்கு ஜெர்ரி ரைஸ். எறிந்த பந்தைப் பிடித்து அவர் சேர்த்தது 22,895 கெஜம்.

தாத்தாக்களைக் கேட்டால் ஜிம் பிரவுன்தான். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்காக 9 பருவங்கள் ஆடினார். அவற்றில் எட்டில், பந்தோடு ஓடி அதிக தூரம் கடந்தவர் அவரே. ஒரு போட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை. 1966-இல் அவர் நடித்துக்கொண்டிருந்த 'தி டர்ட்டி டசன்' படத்தின் படப்பிடிப்பு இங்கிலாந்தில் இழுத்துக்கொண்டே போனது. பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்றார் அணி உரிமையாளர். பிரவுன் அலட்டிக்கொள்ளவில்லை, படப்பிடிப்புத் தளத்திலிருந்தே ஓய்வை அறிவித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 30. முந்தைய பருவத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான் கிடைத்திருந்தது.

இத்தனை பேச்சிலும் தடுப்பாட்டக்காரர்கள் பெயர் அபூர்வமாகத்தான் அடிபடும். 1986-இல் அதே விருதை வென்ற லாரன்ஸ் டெய்லரை மறப்பது, நம்மைக் கேட்டால், கொஞ்சம் அநியாயம்தான்.