வீடியோ விளையாட்டு மதிப்புரைகள் : நம்பகமும் வரம்பும்

நூல் ஒன்று வெளிவருங்கால் அதனைப் பற்றி இருவகை உரைகள் எழுவதைத் தமிழ் பயில்வோர் அறிவர். நூலாசிரியர் விழைய, நூலின் முகப்பிலேயே இடம்பெறுவது அணிந்துரை. நூல் வெளிவந்தபின், அதனோடு உறவற்ற ஒருவர் நிறையும் குறையும் சீர்தூக்கி எழுதுவது மதிப்புரை. தற்புகழ்ச்சி தகாது என்று கருதிய நன்னூலார், சிறப்புப் பாயிரம் செய்தற்குரியோர் ஆசிரியர், உடன்கற்றோர், மாணாக்கர், உரைகாரர் என வகுத்தார். இவர்கள் நூலாசிரியர்க்கு அணுக்கமானவர்கள். ஆதலின் பாயிரத்தில் எவரும் குறைகளைத் தேடுவதில்லை.

“அய்யா, ஓராண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இது. விளையாட்டு விற்பனைக்கு வருமுன்னரே வரும் மதிப்புரைகளை நம்பி வாங்கலாமா?” என்று மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வினவினார். பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் 60 முதல் 70 டாலர் வரை விலைபோகிறது. எனவே இவ்வினாவைச் சிறுபிள்ளை வினா என ஒதுக்குதற்கில்லை. அம்மாணவர் குறிப்பிடும் உரைகள் அணிந்துரையா, மதிப்புரையா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

விளையாட்டு வெளியாகுமுன் நிறுவனங்கள் திறனாய்வாளர்க்கு அதன் படியை இலவசமாக அனுப்புகின்றன. குறித்த நாள், நேரம் வரை கருத்தை வெளியிடலாகாது என்ற கட்டுப்பாடும் உடன்வரும். இதனை ‘எம்பார்கோ’ என்பர். இக்கட்டுப்பாடு முற்றிலும் தீயதன்று. யார் முந்துவது என்ற போட்டியின்றி, ஆர அமர விளையாடி எழுத அது இடந்தருகிறது. ஆயின் எப்போது எழுதலாம், எக்கருவியில் விளையாடலாம், எக்காட்சிகளைக் காட்டலாம் என்பனவற்றை விற்பவரே வரையறுக்கும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது.

போலந்து நாட்டு நிறுவனமாகிய சிடி புராஜக்ட் 2020 டிசம்பர் 10-இல் வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ இதற்குத் தக்க சான்று. முன்மதிப்புரைகள் டிசம்பர் 7-இல் வெளியாயின. நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டிய மதிப்பெண்களைப் பலர் வழங்கினர். அவர்கள் பொய்யுரைத்தாரல்லர். அவர்களுக்குத் தரப்பட்டது கணினிப் படி மட்டுமே. தாம் விளையாடிய காட்சிகளைக் காட்டவும் அவர்க்கு அப்போது இசைவில்லை. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய கருவிகளை வைத்திருந்தோர் வாங்கியபோது விளையாட்டு தடுமாறியது. இடையிடையே நின்றும் போயிற்று. பழைய கருவிகளில் அது இயங்கும் நிலையை முன்னரே காட்டாமைக்கு நிறுவனம் டிசம்பர் 14-இல் மன்னிப்புக் கோரியது. சில நாள்களில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதனை நீக்கிப் பணத்தையும் திருப்பித் தர முன்வந்தது. 2021 ஜூன் மாதத்தில்தான் அது மீண்டும் அக்கடையை அடைந்தது.

2013 மார்ச்சில் வந்த ‘சிம்சிட்டி’ வேறொரு பாடம் புகட்டுகிறது. வெளியானபோது இணையத் தொடர்பின்றி அது இயங்கவில்லை. மக்கள் கூட்டம் திரளுமுன் விளையாடிய ‘பாலிகான்’ இதழ் பத்துக்கு 9.5 வழங்கியது. வெளியீட்டிற்குப் பின் வழங்கிகள் நெரிசலைத் தாங்கவில்லை. மதிப்பெண் 8 ஆகி, 4 ஆகி, இறுதியில் 6.5-இல் நின்றது. ஆளில்லாத பாலத்தில் நடந்து பார்த்து அதன் வலிமைக்குச் சான்றளித்தது போன்றது இது.

காலத்தாழ்வும் ஓர் உத்தியாகலாம். 2014 நவம்பர் 11-இல் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் கழிந்தபின்னரே மதிப்புரைகள் அனுமதிக்கப்பட்டன. அதற்குள் வாங்கியவர்கள் பிழைகள் மலிந்த ஒன்றை வாங்கியிருந்தனர். எனினும், தாமதமே தரக்குறைவுக்குச் சான்றாகாது. 2016-இல் முன்மதிப்புரை ஏதுமின்றி வந்த ‘டூம்’ பெரும் பாராட்டைப் பெற்றது.

பணத்தின் நிழலும் உண்டு. ‘ஷேடோ ஆஃப் மோர்டார்’ விளையாட்டைப் புகழ்ந்து படக்காட்சி வெளியிட யூடியூப் படைப்பாளர்க்குப் பணம் தந்ததைத் தெளிவாக அறிவிக்கச் செய்யவில்லை என்று வார்னர் பிரதர்ஸ் மீது அமெரிக்க வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2016-இல் அது உடன்பாட்டில் முடிந்தது.

இவற்றால் பெறப்படுவது யாது? கதை, ஆட்டமுறை, கற்பனை ஆகியவற்றைப் பற்றிய முன்மதிப்புரைகளைப் பெரிதும் கொள்ளலாம். ஏனெனில் அவை வெளியீட்டு நாளில் மாறுவன அல்ல. நம் கருவியில் ஒழுங்காக இயங்குமா, வழங்கி தாங்குமா என்பன பற்றி அவை கூறுவதை அப்படியே கொள்ளலாகாது. எழுதியவர் எக்கருவியில் விளையாடினார், காட்சிகள் அவர் எடுத்தவையா, விளையாட்டை முடித்தாரா, பணம் பெற்றாரா என்னும் நான்கு வினாக்களை எழுப்புக. இவற்றிற்கு விடை தரும் உரை மதிப்புரை. விடை தராதது வெறும் அணிந்துரை.

இன்னொன்று: இணையவழி விற்கும் பொருள் தீர்ந்துபோவதில்லை. முன்பதிவுக்கு விரைவானேன்? ஸ்டீம் கடையில், வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருப்பின் பணத்தைத் திரும்பக் கோரலாம். 2015 முதல் இவ்வசதி உண்டு.

“ஒரு வாரம் பொறுத்திரு, தம்பி, உன்னைப் போல் பணம் கொடுத்து வாங்கியோர் கூறுவதையும் கேள்” என்று அம்மாணவரிடம் கூறினேன். முதல் நாளில் விளையாடும் பெருமையை அவர் இழக்கலாம். ஓராண்டுச் சேமிப்பை இழக்கமாட்டார்.